இரண்டாம் முறையும் வந்த வானதூதர்

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம். பொதுக்காலம் 19ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு. வாசகங்கள்: 1 அரசர்கள் 19:4-8, எபேசியர் 4:30 - 5:2, யோவான் 6:41-51)



இன்றைய முதல் வாசகத்தில் ஒரு மனிதர் சாவைக் கேட்டு மன்றாடுகிறார். அவர் நம்பிக்கை இல்லாதவர் அல்ல, சோம்பேறியும் அல்ல. அவர் எலியா. சில நாள்களுக்கு முன்புதான் கர்மேல் மலையில் வானத்திலிருந்து நெருப்பை இறக்கி, மக்கள் அனைவரும் ஆண்டவரே கடவுள் என்று அறிக்கையிடச் செய்தவர். அதன் பிறகு அரசி ஈசபேல் விடுத்த ஒரே ஒரு மிரட்டல் அவரை உடைத்துப்போடுகிறது. உயிருக்குப் பயந்து ஓடுகிறார். பெயேர்செபாவில் தம் பணியாளை விட்டுவிடுகிறார். ஒரு நாள் முழுவதும் பாலைநிலத்தில் தனியாக நடந்து, ஒரு சூரைச்செடியின் அடியில் உட்கார்ந்து, இனிப் போதும், உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்கிறார். பிறகு அப்படியே படுத்துத் தூங்கிவிடுகிறார்.

அன்பர்களே, இந்தக் காட்சியை நம் வீட்டுப் பிள்ளை ஒன்றின் மேல் பொருத்திப் பாருங்கள். நேற்றுவரை நன்றாகப் படித்த பிள்ளை. கோயிலில் வாசகம் வாசித்த பிள்ளை. பீடத்தில் உதவிய பையன். திடீரென்று யாரோடும் பேசுவதில்லை. கூட இருந்த நண்பர்களை விட்டுவிடுகிறது. கதவைச் சாத்திக்கொள்கிறது. எந்நேரமும் படுத்தே கிடக்கிறது. “எதுக்கு வாழணும்?” என்று ஒரு நாள் வாய்விட்டுச் சொல்கிறது. சொல்லாமல் தன் கையைத் தானே கீறிக்கொண்டு, அந்தக் காயத்தை மறைக்கக் கோடை வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்கிறது.

இதைப் பற்றிப் பேசுவதற்குக் கூச்சப்படுகிற குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு. அதனால்தான் இன்று இதைப் பற்றியே பேசுவோம்.

நாம் வாழும் பகுதியின் பெயரே நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. தேனி சாலையும் பைபாஸ் சாலையும் சந்திக்கும் காளவாசலை இன்று பாலமும் போக்குவரத்து நெரிசலுமாகத்தான் நமக்குத் தெரியும். ஆனால் காளவாசல் என்றால் செங்கல்லும் சுண்ணாம்பும் சுடுகிற சூளை. சூளை போடுகிறவர்களுக்கு ஒன்று தெரியும்: அறுத்த கல்லை நிழலிலும் வெயிலிலும் பொறுமையாகக் காயவைத்த பிறகுதான் நெருப்புக்குக் கொண்டுபோக வேண்டும். ஈரம் போகாத கல்லை அவசரமாகச் சூட்டில் வைத்தால் அது வெடித்துப்போகும். வெடித்ததற்காகக் கல்லை யாரும் ஏசுவதில்லை. பதினான்கு, பதினைந்து வயது என்பது ஈரம் காயாத பருவம். அந்த வயதில்தான் பத்தாம் வகுப்புத் தேர்வு வருகிறது, உடம்பு மாறுகிறது, முதல் காதலும் முதல் ஏமாற்றமும் வருகின்றன, கைப்பேசி வழியாக ஊரே வீட்டுக்குள் நுழைந்து கேலி செய்கிறது. அதோடு அப்பாவின் குடி, அம்மாவின் கண்ணீர், பெரியப்பா மகனோடு ஒப்பீடு என்று எல்லாச் சூடும் ஒரே நேரத்தில் ஏறுகிறது.

இது எங்கோ வெளிநாட்டில் நடக்கிற பிரச்சினை என்று எண்ண வேண்டாம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் அங்கே கணியம்பாடி வட்டாரத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களிடையே 1992 முதல் 2001 வரை நடந்த ஒவ்வொரு சாவையும் வீடு வீடாகச் சென்று விசாரித்துக் காரணத்தைப் பதிவு செய்தார்கள். அதன் முடிவு 2004இல் வெளிவந்தபோது உலக மருத்துவர்களே திடுக்கிட்டார்கள். 10 வயது முதல் 19 வயது வரை உள்ள பெண்பிள்ளைகளில், ஒரு லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 148 பேர் என்ற அளவில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டிருந்தார்கள். பையன்களில் அது 58. பெரிய நகரத்தின் கணக்கு அல்ல இது. நம் உசிலம்பட்டி, நிலக்கோட்டைப் பக்கம் போல வயலும் தோட்டமும் உள்ள கிராமங்களின் கணக்கு. பழைய கணக்குதான். ஆனால் “நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் வராது” என்று இனி யாரும் சொல்ல முடியாதபடி செய்த கணக்கு. அதிலும், வாய் திறந்து பேச நாம் குறைவாக இடம் கொடுக்கிற பெண்பிள்ளைகளே அதிகம் என்பதைக் கவனியுங்கள்.

மனச்சோர்வு என்பது வெறும் வருத்தம் அல்ல. அது ஒரு நோய். வருத்தம் வரும், இரண்டு நாளில் போகும். மனச்சோர்வு வாரக்கணக்கில் தங்கும். தூக்கம் கெடும், அல்லது தூக்கமே கதியாகும். சாப்பாடு பிடிக்காது. படித்தது மண்டையில் ஏறாது. பிடித்த விளையாட்டும் பிடிக்காமல் போகும். பெரியவர்களுக்கு இது வந்தால் அழுவார்கள். வளரும் பிள்ளைகளோ பல நேரம் அழுவதில்லை, எரிந்து விழுவார்கள். அல்லது தலை வலிக்கிறது, வயிறு வலிக்கிறது என்று அடிக்கடி சொல்வார்கள். பார்க்கிற நமக்குத் திமிராகவும் நடிப்பாகவும் தெரியும்.

கையைக் கீறிக்கொள்கிற எல்லாப் பிள்ளைகளும் சாக நினைப்பவர்கள் அல்லர். உள்ளே தாங்க முடியாத வலி இருக்கும்போது, வெளியே ஒரு வலியை உண்டாக்கிச் சிறிது நேரம் மூச்சுவிடப் பார்க்கிறார்கள். ஆனாலும் அப்படிச் செய்கிற பிள்ளைக்குப் பின்னாளில் உயிருக்கே ஆபத்து வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆகவே அதை “சும்மா காட்டிக்கிறா” என்று தள்ளிவிடக் கூடாது. காட்டிக்கொள்கிறாள் என்றே வைத்துக்கொள்வோம். காயத்தைக் காட்டுகிற பிள்ளைக்கு முதலில் வேண்டியது மருந்தல்லவா?

சரி, எலியாவுக்குக் கடவுள் என்ன செய்தார்?

வானதூதர் ஒருவரை அனுப்பினார். அந்தத் தூதர் செய்ததை ஒவ்வொன்றாக நாம் பார்க்க வேண்டும். முதலில் அவர் எலியாவைத் தொட்டார். அடுத்து, எழுந்து சாப்பிடச் சொன்னார். தணலில் சுட்ட ஓர் அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. அவ்வளவுதான். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய காரியம் செய்துவிட்டு இப்படிக் கிடக்கிறாயே என்று கேட்கவில்லை. நம்பிக்கை எங்கே போயிற்று என்று குறுக்கு விசாரணை செய்யவில்லை. கைம்பெண்கள் எல்லாம் தாங்கிக்கொள்ளவில்லையா, உனக்கென்ன குறை என்று ஒப்பிடவில்லை. தொட்டார், உணவு தந்தார், மீண்டும் தூங்கவும் விட்டார்.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? “உனக்கு என்ன கொறச்சல்? ஃபீஸ் கட்டுறோம், போன் வாங்கிக் குடுத்தோம், நாங்கெல்லாம் அந்தக் காலத்துல கஞ்சி குடிச்சு வளந்தோம்.” இதில் பொய் ஒன்றும் இல்லை. பெற்றோர் படும் பாடு உண்மை. ஆனால் காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையிடம் நாம் பட்ட பாட்டைச் சொன்னால் காய்ச்சல் இறங்குமா? இன்றைய இரண்டாம் வாசகத்தில் பவுலடியார் எபேசு மக்களிடம் மனக்கசப்பையும் சீற்றத்தையும் கூச்சலையும் பழிச்சொல்லையும் விட்டுவிடச் சொல்கிறார். ஒருவர் மற்றவரிடம் பரிவு காட்டச் சொல்கிறார். தூய ஆவியாருக்குத் துயரம் தருவது எது என்று சொல்லும்போது அவர் போடுகிற பட்டியலில் வீட்டுக்குள் போடும் கூச்சலும் இருக்கிறது. பரீட்சை முடிவு வருகிற அன்று மாலை நம் தெருக்களில் கேட்கிற குரல்களை நினைத்துப் பாருங்கள்.

பரீட்சை என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ தவறினால் ஓர் ஆண்டே போயிற்று. இன்று தமிழ்நாட்டில் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதி, அதே ஆண்டில் மேலே படிக்கப் போகலாம். சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புக்காக உழைத்துவரும் சினேகா அமைப்பும், அதை நிறுவிய மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் இதை வலியுறுத்தி வந்தவர்கள். அரசே இரண்டாம் வாய்ப்பு கொடுக்கும்போது, பெற்ற நாம் கொடுக்க வேண்டாமா?

அடுத்து, பல பெற்றோருக்கு ஒரு பயம் உண்டு. “சாகணும்னு நெனைக்கிறியா?” என்று கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே பிள்ளையின் மனத்தில் விதைத்துவிடுவோமோ என்ற பயம். மனநல மருத்துவர்கள் ஒரே குரலாகச் சொல்வது: அப்படி இல்லை. நேராகக் கேட்பதால் எண்ணம் வருவதில்லை. ஏற்கெனவே உள்ள எண்ணம் வெளியே வர வழி கிடைக்கிறது. பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, மெதுவாகக் கேளுங்கள். பதிலைக் கேட்டு அழவோ அடிக்கவோ வேண்டாம். “இதைச் சொன்னியே, நல்லதும்மா. நாங்க இருக்கோம்” என்று சொன்னால் போதும்.

திருவிவிலியம் இதைப் பேசத் தயங்கவில்லை. மோசேயும் தம்மைக் கொன்றுவிடும்படி ஆண்டவரிடம் கேட்டவர்தான். எரேமியா தாம் பிறந்த நாளையே சபித்தார். நம் கத்தோலிக்க விவிலியத்தில் உள்ள தோபித்து நூலின் மூன்றாம் அதிகாரத்தை இன்று வீட்டில் திறந்து வாசியுங்கள். இரகுவேலின் மகள் சாரா ஓர் இளம்பெண். கணவர்கள் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். அதைச் சொல்லிக்காட்டி ஒரு பணிப்பெண் இழிவாகப் பேசிவிட்டாள். அந்தச் சொல் தாங்காமல் சாரா மாடி அறைக்குப் போய் உயிரை மாய்த்துக்கொள்ள நினைக்கிறாள். அப்போது, தான் ஒரே மகள், தன் அப்பா என்ன ஆவார் என்ற நினைப்பு அவளை நிறுத்துகிறது. சன்னல் அருகே நின்று, மனத்தில் உள்ளதை எல்லாம், சாக விரும்பியதையும் சேர்த்து, கடவுளிடம் கொட்டிவிடுகிறாள். கடவுள் அவளைக் கண்டிக்கவில்லை. இரபேல் தூதரை அனுப்பினார். இரபேல் என்றால் கடவுள் குணமளிக்கிறார் என்று பொருள். சாராவை நிறுத்தியது சட்டமோ நரக பயமோ அல்ல, அப்பாவின் முகம். உங்கள் மகள் ஒரு நாள் அப்படிப்பட்ட ஓர் அறையில் தனியாக நிற்க நேர்ந்தால், அவள் நினைவுக்கு வரும் உங்கள் முகம் எப்படிப்பட்ட முகமாக இருக்கும்?

இன்னொன்று, மிகவும் நடைமுறையானது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பெரும்பாலும் ஓர் அலை போல எழுந்து அடங்குவது. அந்த அலை உச்சத்தில் இருக்கும் சில நிமிடங்களில் கைக்கு எட்டும் தூரத்தில் ஆபத்தான பொருள் எதுவும் இல்லாவிட்டால், பல உயிர்கள் பிழைத்துவிடுகின்றன. நம் பக்கத்தில் மல்லிகைத் தோட்டமும் வயலும் உள்ள வீடுகளில் பூச்சிமருந்தை வீட்டுக்குள்ளேயே வைக்கிறோம். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில், பூச்செடி பயிரிடும் கிராமங்களில், சினேகா அமைப்பினர் ஒரு முயற்சி செய்தார்கள். ஊருக்குப் பொதுவாக ஓர் இடத்தில் பூட்டுள்ள பெட்டகங்கள் அமைத்து, பூச்சிமருந்தை எல்லாம் அங்கே வைத்துப் பூட்டச் செய்தார்கள். மக்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். அங்கே தற்கொலைகளும் குறைந்தன. நாமும் இதைச் செய்யலாம். பூச்சிமருந்து, எலிமருந்து, பாட்டியின் மாத்திரைகள் எல்லாவற்றையும் பூட்டி வைத்து, சாவியைப் பெரியவர் ஒருவர் வைத்துக்கொள்ளட்டும்.

இது நம்பிக்கைக் குறைவு என்று யாராவது நினைத்தால், குழந்தை இயேசுவின் புனித தெரேசாவைக் கேளுங்கள். 1897இல் காசநோயின் கொடிய வேதனையில், தம் 24ஆம் வயதில் அவர் இறந்தார். கடைசி மாதங்களில் தம்மைக் கவனித்துக்கொண்ட சகோதரிகளிடம், கடும் வேதனையில் இருக்கும் நோயாளியின் அருகில் நஞ்சாகக்கூடிய மருந்துகளை விட்டுவைக்காதீர்கள், நிலைதடுமாற ஒரு நொடி போதும் என்று எச்சரித்தார். திருச்சபையின் மறைவல்லுநர் சொன்ன அறிவுரை இது. அருளானந்தரையும் வீரமாமுனிவரையும் நமக்குத் தந்த இயேசு சபையின் நிறுவனர் புனித இஞ்ஞாசியாரும், 1522இல் மன்ரேசாவில் தங்கியிருந்தபோது, உயிரை விட்டுவிடும் சோதனையில் கடுமையாகப் போராடியதைத் தம் வரலாற்றில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். புனிதர்களுக்கும் வந்த இருட்டு இது. இது வந்ததால் ஒருவர் பாவியாகிவிடுவதில்லை.

இப்போது இன்றைய வாசகத்தின் நடுப்பகுதிக்கு வருவோம். எலியா சாப்பிட்டார், தண்ணீர் குடித்தார், பிறகு மறுபடியும் படுத்துவிட்டார். ஒரு முறை உதவியும் அவர் எழவில்லை! நாமாக இருந்தால், இவ்வளவு செய்தும் திருந்தவில்லையே என்று விட்டிருப்போம். வானதூதரோ இரண்டாம் முறையும் வந்தார். இரண்டாம் முறையும் தொட்டார். இரண்டாம் முறையும் உணவு தந்தார். பயணம் நீண்டது, உன்னால் தாங்க முடியாமல் போகும் என்று அவர் களைப்பைப் புரிந்துகொண்டு பேசினார்.

அன்பர்களே, இந்த இரண்டாம் வருகையில்தான் உயிர் பிழைக்கிறது. மருத்துவ உலகமும் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் நம் சென்னை, இலங்கையின் கொழும்பு, மற்றும் பிரேசில், ஈரான், சீனா ஆகிய நாடுகளில் ஒவ்வொரு நகரம் என ஐந்து இடங்களில் ஓர் ஆய்வு நடத்தியது. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனையில் காப்பாற்றப்பட்ட 1867 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. மறு பிரிவினருக்கு அதோடு, வீட்டுக்கு அனுப்பும்போது ஏறக்குறைய ஒரு மணிநேரம் உட்கார்ந்து பேசினார்கள்; பிறகு ஒன்றரை ஆண்டுக் காலத்தில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்தார்கள். பெரிய கருவி எதுவும் இல்லை. விலை உயர்ந்த மருந்தும் இல்லை. 2008இல் முடிவு வெளிவந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 2.2 பேர் பின்னர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் அது 0.2 மட்டுமே. ஒன்பது முறை யாரோ ஒருவர் நினைத்து விசாரித்தது, இவ்வளவு உயிர்களைத் தாங்கியிருக்கிறது.

நம் பங்கில் இதற்கு ஆள் இல்லையா? அன்பியங்கள் இருக்கின்றன. மரியாயின் சேனையினர் வாரந்தோறும் வீடு சந்திக்கிறார்கள். வின்சென்ட் தே பவுல் சபையினர் இருக்கிறார்கள். மறைக்கல்வி ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஒரு வீட்டில் இப்படி ஒன்று நடந்தால் முதல் நாள் ஊரே கூடுகிறது, என்ன ஏது என்று துருவுகிறது. ஒரு வாரத்தில் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். இது தலைகீழாக மாற வேண்டும். முதல் நாள் துருவ வேண்டாம். பத்தாம் நாள் போங்கள், இரண்டாம் மாதம் போங்கள். காரணம் கேட்காமல், “இட்லி சுட்டேன், கொண்டு வந்தேன்” என்று போங்கள். தணலில் சுட்ட அப்பத்துக்கு நம் ஊர்ப் பெயர் அதுதான். கண்டதை வெளியே பேசாதீர்கள். பேசினால் அந்தக் கதவு மறுபடி திறக்காது.

இனி மருத்துவம். எலும்பு முறிந்தால் நாம் செபித்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போகிறோம். மனம் முறிந்தாலும் அப்படித்தான். அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மருத்துவர் சி. இராமசுப்பிரமணியன் 1992இல் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை நம் மதுரையிலேயே மனநலப் பணி செய்கிறது. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். அதுவரை பொறுமையும் கவனமும் வேண்டும். சற்றுத் தேறியதும் நாமாக நிறுத்திவிடக் கூடாது. மருத்துவர் சொல்லித்தான் குறைக்க வேண்டும். “நாளைக்குக் கல்யாணம் ஆகணுமே, வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்?” என்று கேட்கும் தாய்மாரிடம் நாம் சொல்வது ஒன்றுதான்: அம்மா, கல்யாணத்துக்கு முதலில் பிள்ளை இருக்க வேண்டும்.

சிலர் போலீஸ் வழக்கு வரும் என்று பயந்து, மருத்துவரிடமே உண்மையை மறைக்கிறார்கள். அந்தப் பயம் இனி வேண்டாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் கிடைக்கச் செய்வது அரசின் கடமை என்று சொல்கிறது. முயற்சி செய்தவரைத் தண்டித்த பழைய 309ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் இல்லை. எனவே மருத்துவரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். மறைத்தால் சரியான சிகிச்சை கிடைக்காது.

வேறு சிலர், பேய் பிடித்திருக்கிறது, செய்வினை வைத்துவிட்டார்கள் என்று பிள்ளையை ஊர் ஊராக இழுத்துக்கொண்டு அலைகிறார்கள். இராமநாதபுரம் மாவட்டத்தில், ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தப்ப வழியின்றி மாண்டதை இந்தப் பகுதி மக்கள் மறக்க முடியாது. எந்தச் சமயத்தவரானாலும் நோயாளி நோயாளிதான். நம் திருச்சபையின் பேயோட்டும் சடங்குமுறையே, உடல் மன நோய்களைப் பேயின் செயல் என்று அவசரப்பட்டு எண்ணிவிடக் கூடாது என்று குருக்களை எச்சரிக்கிறது. செபம் வேண்டும், நோயில்பூசுதல் உண்டு, நற்கருணை உண்டு. இவை எதுவும் மருத்துவருக்கு எதிரி அல்ல. எலியாவுக்கு அப்பத்தைக் கொடுத்தவரும் கடவுளின் தூதர்தான்.

இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில், ஒரு பிள்ளையை ஏற்கெனவே இப்படி இழந்த பெற்றோரும் இருப்பீர்கள். மற்றவர்களுக்குச் சொன்ன இந்த அறிவுரைகள் உங்கள் மேல் கல்லாக விழக் கூடாது. இது நோய், எல்லா அன்பையும் கொடுத்த வீட்டிலும் இது உயிரைப் பறிக்கிறது. முன்பு, 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் இப்படி இறந்தவர்களுக்கு அடக்கச் சடங்கை மறுத்தது. 1983ஆம் ஆண்டின் சட்டத்தில் அந்த மறுப்பு இல்லை. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, உயிர் கடவுளின் கொடை, அதை மாய்த்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை என்பதைத் தெளிவாகக் கற்பிக்கிறது. அதே மூச்சில், கடும் மனநோயும் தாங்க முடியாத வேதனையும் அச்சமும் அந்த மனிதரின் பொறுப்பைக் குறைக்கின்றன என்றும், அவர்களுடைய மீட்பைப் பற்றி நாம் நம்பிக்கை இழக்கலாகாது என்றும், கடவுள் தமக்கு மட்டுமே தெரிந்த வழிகளில் மனம் மாறும் வாய்ப்பை அவர்களுக்குத் தரக்கூடும் என்றும் சொல்கிறது. திருச்சபை அவர்களுக்காகச் செபிக்கிறது. உங்கள் பிள்ளைக்குத் திருப்பலிக் கருத்து எழுதிக் கொடுக்க யாரும் வெட்கப்பட வேண்டாம். கல்லறையில் அவர்களைப் பற்றிக் கிசுகிசுக்கிற வழக்கமும் நம்மிடையே இனி இருக்கக் கூடாது.

கடைசியாக, பிள்ளைகளே, உங்களிடம். தம்பிகளே, தங்கைகளே, நீங்கள் இப்போது அனுபவிக்கிற வலி உண்மையானது. அதைப் பெரியவர்கள் சிறிதாக்கிப் பேசினாலும் அது சிறிதாகிவிடாது. ஆனால் அந்த வலி உங்களிடம் சொல்லும் ஒரு செய்தி பொய்: இது எப்போதும் இப்படியே இருக்கும் என்று அது சொல்கிறது. அதை நம்பாதீர்கள். இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். அம்மா, அப்பா, சித்தி, தாத்தா, ஆசிரியர், அருட்சகோதரி, பங்குத்தந்தை, யாராவது ஒருவர். முதலில் சொன்னவர் புரிந்துகொள்ளவில்லை என்றால் இரண்டாமவரிடம் சொல்லுங்கள். ஒப்புரவு அருளடையாளத்தில் நீங்கள் சொல்வதைக் குருவானவர் யாரிடமும் சொல்ல முடியாது. அதனால் அங்கே சொன்ன பிறகு, வெளியே வந்தும் ஒரு முறை அவரிடம் பேசுங்கள். அப்போதுதான் அவர் உங்களுக்காக மற்றவர்களின் உதவியைத் தேட முடியும்.

வீட்டில் யாரிடமும் பேச முடியாவிட்டால் தொலைபேசி இருக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள்: 14416. ஒன்று, நான்கு, நான்கு, ஒன்று, ஆறு. இது நடுவண் அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் மனநல உதவி எண். கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104, சிறுவர் உதவிக்கான 1098 ஆகியவையும் உண்டு. உங்கள் நண்பன் ஒருவன், “யாருகிட்டயும் சொல்லாதடா” என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சாவைப் பற்றிப் பேசினால், அந்தச் சத்தியம் உங்களைக் கட்டாது. உடனே ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள். அவனைத் தனியாக விடாதீர்கள். அவன் சில நாள் கோபித்துக்கொள்வான். கோபித்துக்கொள்ள அவன் உயிரோடு இருப்பான்.

அன்பர்களே, இரண்டாம் முறை சாப்பிட்ட எலியா எழுந்தார். அந்த உணவின் வலிமையால் நாற்பது பகலும் நாற்பது இரவும் நடந்து, கடவுளின் மலையாகிய ஒரேபை அடைந்தார். அங்கே காற்றிலும் நிலநடுக்கத்திலும் நெருப்பிலும் அல்லாமல், மெல்லிய ஒலியில் ஆண்டவர் அவரோடு பேசினார். தனியாக ஓடிவந்த அவருக்கு எலிசா என்ற துணையையும் தந்தார். சூரைச்செடியின் அடியில் முடிந்துபோயிருக்க வேண்டிய வாழ்வு இது! இன்றைய நற்செய்தியில் இயேசு தம்மையே வாழ்வு தரும் உணவாக நமக்குத் தருகிறார். அந்த உணவை உண்ணும் நாம், வெறுங்கையோடு வீடு திரும்பலாமா? இந்த வாரம், நம் வீட்டிலோ தெருவிலோ சூரைச்செடியின் அடியில் படுத்திருக்கும் ஒரு பிள்ளையைத் தேடிப்போவோம். ஒரு முறை போய் எழாவிட்டால், இரண்டாம் முறையும் போவோம்.

செபிப்போம். வாழ்வின் ஊற்றாகிய இறைவா, உமது அடியார் எலியாவைத் தேடிச் சென்று அவரைத் தொட்டு எழுப்பினீர். மனம் சோர்ந்து கிடக்கும் எம் பிள்ளைகளையும் தேடிச் செல்லும். அவர்களின் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் கேட்கும் காதுகளையும் பொறுமையான நாவையும் தாரும். மருத்துவர்களின் கைகளை ஆசீர்வதியும். எங்களைவிட்டுப் பிரிந்த இளையோருக்கு உம் இரக்கத்தில் இளைப்பாற்றி அளித்து, அவர்களை இழந்த குடும்பங்களைத் தேற்றும். எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.